புது லேப்டாப் வாங்குவது எப்படி: தாளில் தொடங்கி பில் வரை

லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்குத் துணையாகக் கடைக்குப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். கடையில் பெரிதாக யாரும் ஏமாறுவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே வரிசை தப்பிவிடுகிறது. முதலில் ஆஃபர், அடுத்து கம்பெனி, அடுத்து கலர், கடைசியில்தான் "இதில் நம் சாஃப்ட்வேர் ஓடுமா?" என்ற கேள்வி. அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும்.

கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மாலை நேரம் போதும்.

1. வேலைகளை அல்ல, சாஃப்ட்வேர் பெயர்களை எழுதுங்கள்

"படிப்புக்கு", "ஆபீஸ் வேலைக்கு" என்று எழுதினால் பயனில்லை. எந்த சாஃப்ட்வேர், அதன் பெயர் என்ன என்று எழுத வேண்டும். டேலி, எக்செல், ஆட்டோகேட், போட்டோஷாப் என்று ஒவ்வொன்றாக. கல்லூரிக்கு என்றால் சீனியர் மாணவர் ஒருவரிடம் நான்கு வருடத்துக்கும் என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். முதல் வருடப் பாடத்தை மட்டும் பார்த்து வாங்கினால் மூன்றாம் வருடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

என் அண்ணன் மகள் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வீட்டில் ஆசையாக மேக்புக் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் பிரச்சனையே இல்லை. மூன்றாம் வருடம் ஒருநாள் போன் வந்தது. "சித்தப்பா, ஸ்டாட் ப்ரோ இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது, ஈடேப்ஸும் ஆகலை. என்ன பண்றது?" ஒன்றும் பண்ண முடியாது. கட்டட வடிவமைப்புக்கான அந்த இரண்டு சாஃப்ட்வேரும் விண்டோஸுக்கு மட்டுமே வருபவை. மீதிப் படிப்பைக் கல்லூரி லேபிலும் தோழியின் லேப்டாப்பிலும் ஓட்டினாள். மேக் நல்ல மெஷின்தான், அவள் வேலைக்குத்தான் அது ஆகவில்லை.

தாளில் இன்னொரு பத்தியும் வேண்டும்: லேப்டாப்பில் எதையெல்லாம் செருகப் போகிறீர்கள்? பழைய பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (ஆன்லைனில் கையெழுத்திடச் செருகும் பென்டிரைவ் போன்ற கருவி), பார்கோடு ஸ்கேனர், கைரேகைக் கருவி. இதை எழுத எல்லோரும் மறக்கிறார்கள். சாஃப்ட்வேர் ஓடினாலும் டோக்கனுக்கு டிரைவர் (கருவியை லேப்டாப்போடு பேசவைக்கும் சின்ன சாஃப்ட்வேர்) இல்லையென்றால் ஆடிட்டர் ஆபீஸில் அந்த லேப்டாப்புக்கு வேலையே இல்லை.

2. தாளை வைத்து சிஸ்டத்தை முடிவு செய்யுங்கள்

சிஸ்டம் என்பது லேப்டாப்பையே இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மாதிரி. தாள் ஒழுங்காக நிரம்பியிருந்தால் பாதிப் பேருக்கு இந்த முடிவு தானே வந்துவிடும். பட்டியலில் ஒரே ஒரு சாஃப்ட்வேர் ஒரே ஒரு சிஸ்டத்தில்தான் ஓடும் என்றாலும், அதுவே முடிவு. பிடித்தது பிடிக்காதது எல்லாம் அதற்கு அப்புறம்.

*விண்டோஸ்.* டேலி, ரெவிட், சாலிட்வொர்க்ஸ், ஸ்டாட், ஈடேப்ஸ் என்று ஏதாவது ஒன்று தாளில் இருந்தால் வேறு யோசனை வேண்டாம். கம்ப்யூட்டர் கேம்களுக்கும் இதுதான். டோக்கன், பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் தலைவலி குறைவு.

ஆனால் விண்டோஸுக்குள்ளேயே ஒரு பிரிவு வந்துவிட்டது. 2024 முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் ப்ராசஸர் போட்ட லேப்டாப்புகள் பரவலாக வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும், சூடும் குறைவு. ஆனால் இவை போனில் இருப்பதுபோன்ற ஆர்ம் வகை ப்ராசஸர்கள். சாதாரண விண்டோஸ் சாஃப்ட்வேர்களைப் பெரும்பாலும் உள்ளுக்குள் மாற்றி ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி மாற்ற முடியாது. ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். அதனால் பழைய பிரிண்டரும் டோக்கனும் இதில் பல்லிளிக்க வாய்ப்பு அதிகம். தாளின் இரண்டாம் பத்தி காலியாக இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

*மேக்.* எக்ஸ்கோட், ஃபைனல் கட் ப்ரோ, லாஜிக் ப்ரோ தேவைப்பட்டால் மேக் மட்டும்தான். எழுத்து, இணையம், போட்டோ, புரோகிராமிங் வேலைகளுக்கும் அருமையாக இருக்கும். விசிறிச் சத்தம் இல்லாத மேக்புக் ஏரை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். "மேக் வாங்கி அதில் விண்டோஸ் போட்டுக்கலாம்" என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். இன்டெல் ப்ராசஸர் இருந்த காலத்தில் அது உண்மை. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த ப்ராசஸரான எம்1 வந்ததிலிருந்து, விண்டோஸ் போட உதவிய பூட் கேம்ப் அந்த மேக்குகளில் கிடையாது. தனி சாஃப்ட்வேர் வாங்கி அதற்குள் விண்டோஸை ஓட்டலாம்; அதுவும் ஆர்ம் விண்டோஸ்தான், மேலே சொன்ன டிரைவர் சிக்கல் அப்படியே இங்கேயும் வரும்.

*லினக்ஸ்.* காசு வேண்டாம், பழைய மெஷினிலும் ஓடும், புரோகிராமிங் படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும், ஐந்து வருடம் அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் பழகியவருக்கு லினக்ஸ் மின்ட் கைக்கு எளிதாக வரும். எக்செல் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் திறக்கும். ஆனால் மேக்ரோ (எக்செல்லுக்குள் தானாக ஓடும் கட்டளைகள்) நிறைந்த ஃபைலை ஆபீஸ் நண்பரோடு தினமும் மாற்றிக்கொள்பவர் என்றால் பொறுமை போய்விடும். வாங்கும் முன்பே சோதிக்க வழி இருக்கிறது: 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் உள்ள லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்ற நான்கையும் பாருங்கள். கைரேகை சென்சார் பல மாடல்களில் வேலை செய்யாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

*குரோம்புக்.* எல்லா வேலையும் பிரவுசரில் முடிந்துவிடும் என்றால் போதும். பள்ளிப் பிள்ளைக்கும், வீடியோ கால் மட்டும் பேசும் அப்பா அம்மாவுக்கும் சரி. பின்பக்கம் ஒட்டிய விலையைவிட அப்டேட் எந்த வருடம் முடிகிறது என்பது முக்கியம். 2021-க்குப் பின் வந்தவற்றுக்குப் பத்து வருடம் அப்டேட் உண்டு. அந்தப் பத்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் குடும்பம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.

3. தமிழ் டைப்பிங்கைத் தனியாக யோசியுங்கள்

வெறும் யூனிகோடில் (போனிலும் இணையத்திலும் இப்போது இருக்கும் பொதுவான எழுத்து முறை) எழுதுபவருக்கு எங்கே போனாலும் கவலை இல்லை. தமிழ்99 கீபோர்டு அமைப்பு விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது. ஆங்கில ஒலிப்பில் தட்டுபவருக்கு மேக்கில் அஞ்சல் முறை இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற டைப்பிங் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டால் போதும்.

சிக்கல் டிடிபி, அதாவது அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை செய்பவருக்கு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள், பேஜ்மேக்கர், என்எச்எம் ரைட்டர் என்று வருடக்கணக்கில் ஓட்டியவர் விண்டோஸை விட்டு வெளியே வந்தால் அந்த சாஃப்ட்வேர்கள் நேரடியாக ஓடாது; அந்த எழுத்துருவும் போடாவிட்டால் ஃபைல்கள் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். அச்சகத்தில் வேலை என்றால் விண்டோஸிலேயே இருங்கள்.

4. பின்னால் மாற்ற முடியாததற்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்

சிஸ்டம் முடிவாகிவிட்டது. இனி மெஷின். எல்லோரும் ப்ராசஸரில் தொடங்குவார்கள். நான் திரையிலிருந்தும் கீபோர்டிலிருந்தும் தொடங்குவேன், ஏனென்றால் இவை இரண்டையும் பின்னால் எளிதாக மாற்ற முடியாது, தினமும் கண்ணும் கையும் படுவது இவற்றில்தான்.

திரை: ஐபிஎஸ் அல்லது ஓலெட் என்று போட்டிருக்க வேண்டும். 1920 x 1080, முடிந்தால் கொஞ்சம் உயரம் கூடிய 1920 x 1200. வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் அறைக்குள் போதும். ஜன்னலோரம், வகுப்பறை என்றால் 300-க்குக் குறையாமல் பாருங்கள். விவரப் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது கலர் வெளிறிய திரை. கணக்கு எழுத ஓகே, போட்டோ வேலைக்கு ஆகாது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர் இந்தத் திரையில் சிவப்புப் பட்டுப்புடவையைச் சரிசெய்தால், அச்சில் அது வேறு புடவையாக வரும்.

ரேம்: 16 ஜிபி. 8 ஜிபியில் விண்டோஸ் 11 ஓடாது என்றில்லை; பிரவுசரில் பத்து டேப், ஒரு வீடியோ கால், ஒரு எக்செல் என்று திறந்ததும் மூச்சு வாங்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ரேம் போர்டிலேயே ஒட்டியதா, பின்னால் ரேம் செருக ஸ்லாட் இருக்கிறதா? மெலிந்த லேப்டாப் பலவற்றில் ஒட்டித்தான் வருகிறது. மேக்கில் ரேம், ஸ்டோரேஜ் இரண்டுமே ஒட்டியவை. ஒட்டியது என்றால் இன்றைக்கே 16 வாங்குங்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் 8-இல் தொடங்கி அப்புறம் இன்னொரு 8 போடலாம்.

டெமோ மெஷினில் இதை நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டினால் கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். சில மெஷின்களில் ஒட்டிய ரேமையும் ஸ்லாட் என்றே கணக்குக் காட்டும். எனவே இதைப் பார்த்துவிட்டு, கம்பெனி தளத்தில் அந்த மாடலின் விவரத்தோடும் ஒத்துப் பாருங்கள்.

எஸ்எஸ்டி (ஃபைல்கள் தங்கும் ஸ்டோரேஜ்): என்விஎம்இ வகை, 512 ஜிபி. மலிவு மாடல்களில் இஎம்எம்சி என்று ஒன்று வரும். அது மெதுவானது, போர்டில் ஒட்டியது. விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். 512 வாங்கினால் விண்டோஸ் 476 என்று காட்டும். அந்த 36 ஜிபியை யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் 1000-த்தில் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-இல் வகுக்கிறது, அவ்வளவுதான். இதற்காகக் கடையில் சண்டை போட்டவரை எனக்குத் தெரியும்.

5. ப்ராசஸரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

"ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்று மட்டும் கேட்பது, "பஸ்ஸா, ரயிலா?" என்று கேட்டுவிட்டு எந்த ஊருக்கு என்று கேட்காமல் ஏறுவது மாதிரி. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம்.

இன்டெல்லில் ஐ5-1335யு என்றால் முதல் இரண்டு இலக்கம் 13-ஆம் தலைமுறை. கடைசி எழுத்து யு என்றால் மின்சாரம் குறைவாக எடுப்பது, எச் என்றால் வேகம் கூடுதல், சூடும் கூடுதல். ஆபீஸ் வேலைக்கு யு போதும். 2023 டிசம்பரிலிருந்து கோர் அல்ட்ரா என்ற புதுப் பெயர் வந்திருக்கிறது. பழைய ஐ7-ஐவிடப் புது ஐ5 பல வேலைகளில் முந்திவிடும்.

ஏஎம்டியில் இன்னும் நுணுக்கமான பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பார்த்தால் பத்துதான் வித்தியாசம். ஆனால் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது. 7520-இல் இருப்பது ஜென் 2, அது 2019-இல் வந்த வடிவமைப்பு. 7530-இல் ஜென் 3. 7540 என்றால் ஜென் 4. முதல் இலக்கம் 7 என்பதை மட்டும் பார்த்துப் புதுசு என்று 7520யு-வை எடுத்து வருபவர்கள் ஏராளம். மோசமான சிப் இல்லை அது, மலிவு லேப்டாப்புக்கென்று செய்தது. மலிவு விலை கொடுத்து வாங்கினால் சரி.

தனி கிராபிக்ஸ் கார்டு கேம், த்ரீடி, வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு அது எடையும் சூடும்தான். வேண்டும் என்பவர் கார்டின் பெயரோடு வாட்டையும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற அதே பெயரில் 35 வாட்டிலும் வருகிறது, 115 வாட்டிலும் வருகிறது. வேகத்தில் இரண்டும் உறவே இல்லை.

6. பேட்டரி, சார்ஜர், துளைகள்

"12 மணி நேரம் நிற்கும்" என்ற விளம்பரத்தை விட்டுவிடுங்கள். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-அவர் எண்ணைத் தேடுங்கள். 42 வாட்-அவர் பேட்டரி, எழுத்து வேலைக்கு மெஷின் சுமார் 8 வாட் எடுக்கிறது என்றால், 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தே கால் மணி நேரம். கல்லூரிக்கு எடுத்துப் போகிறவர் 50-க்கு மேல் பாருங்கள்.

டைப்-சி துளை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை. சிலவற்றில் அது ஃபைல் மாற்ற மட்டும். சார்ஜ் ஏறுமா, வெளித்திரை ஓடுமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஏறும் என்றால் ஊருக்குப் போகும்போது சார்ஜரை மறந்தாலும் 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

7. கடையில் தொட்டுப் பாருங்கள், முழு மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்

ஆன்லைனில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் ஒருமுறை கடைக்குப் போய் வாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலை பக்கம் ரிச்சி தெரு இருக்கிறது, மற்ற ஊர்களில் ஷோரூம்கள். ஐந்து நிமிடம் நின்று ஒரு பத்தி டைப் செய்யுங்கள். எண்டர் கீ சுருங்கியிருக்கிறதா, மூடியைத் திறந்தால் திரை ஆடுகிறதா என்று பாருங்கள்.

ஒரே பெயரில் நான்கைந்து உள்வகைகள் இருக்கும். திரை வேறு, ரேம் வேறு, ப்ராசஸர்கூட வேறு. எனவே பெட்டி ஸ்டிக்கரில் இருக்கும் நீளமான மாடல் எண்ணை எழுத்துத் தவறாமல் குறித்துக்கொண்டு அதை வைத்துத்தான் விலை ஒப்பிட வேண்டும். "அங்கே மூவாயிரம் கம்மி" என்று சொல்லப்படும் லேப்டாப் பெரும்பாலும் மங்கலான திரை போட்ட தம்பியாகத்தான் இருக்கும்.

"டாஸ் லேப்டாப்" என்று சொன்னால் விண்டோஸ் இல்லாதது என்று பொருள். லினக்ஸ் போடப் போகிறவருக்கு அது லாபம். மற்றவர்களுக்கு "நாங்களே விண்டோஸ் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். அது பெரும்பாலும் திருட்டுப் பதிப்பு; கூடவே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. விண்டோஸ் வேண்டுமென்றால் விண்டோஸோடு வருவதையே வாங்குங்கள்.

ரீஃபர்பிஷ்ட் (பழையதைச் சரிசெய்து மறுபடி விற்பது) வாங்குபவருக்கு ஒரு கோடு: விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். அதற்குக் கீழே இருப்பது லினக்ஸுக்கு மட்டும்.

8. பில் போடும் இடத்தில் அவசரப்படாதீர்கள்

பில்லில் உங்கள் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18%. தொழிலுக்கு வாங்குபவர் தன் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொன்னால் அந்த வரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பில் முடிந்தபின் எண்ணைச் சேர்க்கச் சொன்னால் அலைய விடுவார்கள்.

சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அங்கேயே பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் அது டெமோவில் நின்ற பீஸாக இருக்கலாம். வாரண்டியில் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் இருப்பவருக்கு, இதற்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை.

9. முதல் முறை ஆன் செய்வது நீங்களாக இருங்கள்

நான் அதிகம் வருத்தப்பட்ட கேஸ்கள் எல்லாம் இங்கேதான். "செட்டப் பண்ணித் தர்றோம் சார், டீ குடிச்சிட்டு வாங்க" என்பார்கள். வேண்டாம்.

காரணம் இதுதான். விண்டோஸ் 11 லேப்டாப் முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறக்கப்படுகிறதோ, கூட வரும் ஆபீஸ் பெரும்பாலும் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். கடைப்பையன் தன் மெயிலைப் போட்டுத் திறந்தால் ஆபீஸ் அவனுடையது. அதைவிடப் பெரிய ஆபத்து, புது லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும்.

தெரிந்த டீச்சர் ஒருவருக்கு இது நடந்தது. ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. ஒரு அப்டேட்டுக்குப் பின் நீலத்திரை வந்து சாவியைக் கேட்டது. எந்தக் கணக்கு என்று பார்த்தால், வாங்கிய கடையில் யாரோ அவசரத்துக்கு உருவாக்கிய மெயில். அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். மாணவர்களின் மதிப்பெண், வினாத்தாள், பேத்தியின் போட்டோ எல்லாம் உள்ளே. லேப்டாப் நல்ல நிலையில் கையில் இருக்கிறது, திறக்க வழியில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

ஆகவே உங்கள் மெயில், உங்கள் பாஸ்வேர்டு, உங்கள் கை. செட்டப் முடிந்ததும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். அந்த நோட்டை லேப்டாப் பையிலேயே வைக்கக் கூடாது.

10. முதல் வாரம் முழுக்கச் சோதனை

பெட்டியை வீட்டில் திறந்தால் ஸ்டிக்கர் தெரிவதிலிருந்து வீடியோ எடுங்கள். திரையில் முழு வெள்ளை, முழு கருப்புப் படம் வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாத் துளையிலும் ஒரு பென்டிரைவைச் செருகுங்கள். எல்லா கீயையும் ஒருமுறை தட்டுங்கள். ஒரு வீடியோ கால் பேசுங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் முதல் நாள் எழுதிய தாளை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் இன்ஸ்டால் செய்து, ஒவ்வொரு கருவியையும் செருகிப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஓடவில்லையென்றால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிட வேண்டும். ஆன்லைனில் அது சில நாட்கள்தான். கடைகளில் பல இடங்களில் அதுகூடக் கிடையாது, எனவே பில் போடும்போதே கேட்டு வையுங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை பரணில் போடாமல் கண்ணெதிரே வைத்திருங்கள்.